நெய்னா மச்சானின் காத்துக் கூண்டு

எங்கள் வீட்டில் அடுக்களைக்குப் போக ஒரே ஒரு வழிதான். வாசல் கூடத்திலிருந்து நீளமாக ஒரு நடை போகும், அதன் கடைசியில் அடுக்களை. அந்த நடையைத்தான் என் அக்கா, நாங்கள் சொல்கிறபடி லாத்தா, தாஜுன்னிசாவின் வீட்டுக்காரர் நெய்னா முகம்மது, 2006-ஆம் வருஷம் சித்திரை மாதத்தில், பிளைவுட் பலகை வைத்து அடைத்தார். அடுக்களை முனையில் கல்யாண மண்டபத்துப் பெரிய ஃபேன், கூடத்து முனையில் திறந்த வாய், நடுவில் ஆள் தவழ்ந்து போகிற உயரத்தில் நீளமான பெட்டி. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சோறு, ஆணம், தேத்தண்ணீர் எல்லாம் தவழ்ந்துதான் கூடத்துக்கு வந்தன.

"மச்சான், இது என்ன கூத்து?" என்று கேட்டேன்.

"இது காத்துக் கூண்டு, மஜீதா. இதுக்குள்ள காத்து மட்டுந்தான் போகணும்."

"அப்ப சோறு எப்படிப் போகும்?"

அதற்கு மட்டும் அவருக்குக் காது கேட்காது.

மச்சானைப் பற்றி முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாரோ கிறுக்கர் கதை என்று நினைத்துவிடுவீர்கள். கிறுக்கர்தான், ஆனால் எங்கள் கிறுக்கர். கீழக்கரையில் வீடு பெண்ணுக்குத்தான் போகும். நிக்காஹ் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். மச்சானும் அப்படித்தான் 1980-இல் வந்தார். தச்சு வேலை தெரிந்தவர், கை சுத்தம். கல்யாணப் பாயாசத்தின் இனிப்பு நாக்கில் இருக்கும்போதே துபாய்க்கு விசா வந்தது. போய்விட்டார். அப்புறம் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை இரண்டு மாத லீவு. அந்த இரண்டு மாதமும் வீட்டில் திருவிழாதான். காலையில் இடியாப்பம், ஈரல்; மதியம் நெய்ச்சோறு; ராத்திரி புரோட்டா. மச்சான் உட்கார்ந்த நாற்காலியில் பிள்ளைகள்கூட உட்காரக் கூடாது. விருந்தாளியை எப்படிப் பார்த்துக்கொள்வோமோ அப்படிப் பார்த்துக்கொண்டோம். இப்படியே இருபத்தைந்து வருஷம் ஓடிவிட்டது. இரண்டு மகள்களும் வளர்ந்து கட்டிக்கொடுத்து, அவர்கள் அவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். கல்யாணத்துக்கு வாப்பா வந்தாரா, வீடியோவைப் பார்த்தாரா என்று அவர்களுக்கே சந்தேகம்.

2005-இல் கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது மச்சான் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். முதல் இரண்டு மாதம் வழக்கம்போல ஈரலும் நெய்ச்சோறும். மூன்றாம் மாதம் ஈரல் நின்றது. நான்காம் மாதம் நெய் நின்றது. ஐந்தாம் மாதம் என் உம்மா வாய் திறந்தார். உம்மா பெயர் உம்மு ஹபீபா. மருமகனிடம் நேருக்கு நேர் பேசுவது மரியாதை இல்லை என்று நினைக்கிற தலைமுறை, அதனால் எதையும் சுவரைப் பார்த்துத்தான் சொல்வார்.

"மாப்புளைக்கு லீவு எப்ப முடியுதாம்?" என்று சுவரைக் கேட்டார்.

மச்சான் கையில் இருந்த தேத்தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். அப்போது எனக்குச் சுருக்கென்றது. ஆனால் உண்மையைச் சொன்னால், லாத்தாவுக்கும் அவர் வீட்டில் இருப்பது சிரமமாகத்தான் இருந்தது. கால் நூற்றாண்டாக இந்த வீட்டை ஆண்டவள் அவள். இப்போது திடீரென்று ஒரு ஆம்பளை காலையில் எழுந்து, "உப்பு எங்க இருக்கு?" என்று கேட்கிறார். "அந்த டப்பாவுல ஏன் வச்சிருக்க?" என்று அடுத்த கேள்வி வருகிறது. "மஜீதா, இந்த மனுசன் போற எடமெல்லாம் என் காலு தடுக்குதுடி" என்று என்னிடம் புலம்புவாள்.

நான் யார் என்று கேட்பீர்கள். லாத்தாவின் தங்கச்சி. என் வீடு அடுத்த வாசல். என் வீட்டுக்காரர் சவூதியில். அதனால் பாதி நாள் லாத்தா வீட்டில்தான் என் குடித்தனம், முழு நாளும் என் வாய் அங்கேதான்.

சரி, கூண்டுக்கு வருகிறேன். மச்சான் ஊருக்கு வருவதற்கு முந்தின வருஷம், அவர் கம்பெனி அவரைச் சில வாரம் பஹ்ரைனுக்கு அனுப்பியது. அங்கே பெரிய கார்ப் பந்தயம், அதற்குப் பலகை அடிக்கிற வேலை. அங்கே ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர், ஒரு குட்டிக் காரை அனுப்ப மச்சானிடம் மரப்பெட்டி செய்யச் சொன்னாராம். குட்டிக் கார் என்றால் பொம்மை இல்லை. பந்தயக் காரின் அச்சு அசல், அளவு மட்டும் சின்னது.

"அசல் காரை ஓட விடுறதுக்கு முன்னாடி, அதோட குட்டியக் காத்துல நிறுத்திப் பாக்குறாங்க மஜீதா" என்று கண் விரியச் சொல்வார். "புகை விட்டுப் பாக்குறது. காத்து எங்கன இடிக்குது, எங்கன சுழிக்குது, எங்கன வழுக்கிக்கிட்டுப் போவுதுன்னு புகை காட்டிக் குடுத்துரும். இடிக்கிற எடத்த இழைச்சு விட்டுட்டா, அதே இன்ஜின்ல காரு பிச்சுக்கிட்டுப் போகும். இது தச்சு வேலைதான், பாத்துக்க. மரத்த இழைக்கிறதுக்குப் பதிலா காத்த இழைக்கிறாங்க."

அந்தக் கிறுக்கு மனதில் கிடந்தது. கிளப்பிவிட்டது புளியனேந்தல் கூத்தையா. கூத்தையா ராமநாதபுரத்துக்குத் தெற்கே புளியனேந்தல் கிராமத்தில் மாட்டு வண்டிப் பந்தயக் கமிட்டியின் தலைவர். வருஷா வருஷம் ஆடித் திருவிழாவில் பந்தயம் நடத்துவார்கள். அந்த வருஷம் பார்த்து மாட்டுப் பந்தயத்துக்குக் கோர்ட்டில் தடை வந்துவிட்டது. நோட்டீஸ் அடித்தாயிற்று, மைக் செட்டுக்குச் சொல்லியாயிற்று, பரிசு அண்டாக்களும் வந்து இறங்கிவிட்டன. கூத்தையா யோசித்தார். "மாடு ஓடக் கூடாதுன்னுதானய்யா சொன்னாக? கார் ஓடக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே!" நோட்டீஸில் "மாட்டு வண்டி" என்ற இடத்தில் எல்லாம் "கார்" என்று சின்னச் சீட்டு ஒட்டிவிட்டார். மற்றபடி ஒரு விதியும் மாறவில்லை. வண்டிக்கு ஒரு சாரதி, ஒரு துணைச் சாரதி. வறண்ட கண்மாய்க்குள் எல்லைக் கல் வரை போய்த் திரும்ப வேண்டும். மூன்று பரிசு.

அந்த நோட்டீஸ் கீழக்கரை பஸ் ஸ்டாண்டில் மச்சான் கண்ணில் பட்டது. எங்கள் வாப்பா மௌத்தாகிப் போன பிறகு கொட்டகையில் கோழி அடைகிற ஒரு பழைய பியட் கார் இருந்தது. கோழிக்கு வேறு இடம் பார்த்துக் கொடுத்துவிட்டு மச்சான் வேலையை ஆரம்பித்தார்.

முதலில் முழங்கை நீளத்துக்குத் தேக்கில் ஒரு குட்டி பியட்டைச் செதுக்கினார். கதவு, கண்ணாடி, முன்பக்கக் கம்பி வலை எதுவும் விடவில்லை. மாஷா அல்லாஹ், அந்தக் கைவேலையைப் பார்த்தால் எதிரிக்கும் ஆசை வரும். அதன் உடம்பு முழுக்க லாத்தாவின் தையல் நூலைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டினார். காற்றில் நூல் ஒழுங்காகப் படுத்தால் நல்லது, சிலுப்பிக்கொண்டு நின்றால் அந்த இடத்தில் கோளாறு. ஃபேன் காற்று சுழலாமல் நேராக வர, ஜூஸ் கடை ஸ்ட்ராக்களைக் கட்டுக் கட்டாக வாங்கி, தேனடைபோல அடுக்கி ஃபேனுக்கு முன்னால் நிறுத்தினார். புகைக்கு வேறு எங்கே போவது? சாம்பிராணிதான். காற்று அந்தக் குட்டிக் காரை எவ்வளவு பலமாகத் தள்ளுகிறது என்று பார்க்க, மீன்காரி பூமயிலிடம் கொக்கித் தராசை இரவல் வாங்கிக் காருக்கு முன்னால் கட்டினார். தராசு திரும்பிப் போகவே இல்லை. பூமயில் அந்த மூன்று மாதமும் மீனைக் கையில் தூக்கிப் பார்த்தே எடை சொன்னாள், ஒரு நாளாவது குறைத்துச் சொன்னாளா, கேளுங்கள்!

நடையை ஒட்டி, அடுக்களைக்குள் திறக்கிற சாமான் அறையின் சன்னலில் ஒரு கண்ணாடியைப் பொருத்தி, அதன் வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பார். "சுழிக்குது... சுழிக்குது... பின்னாடிதான் சுழிக்குது" என்பார். வீடு முழுக்கச் சாம்பிராணி வாடை. தெருவில் போகிறவர்கள் எங்கள் வீட்டில் தினம் ஃபாத்திஹா ஓதுகிறார்கள் என்று நினைத்து, "என்ன சீரணி?" என்று ஓதி முடித்துக் கொடுக்கிற இனிப்புக்காக எட்டிப் பார்ப்பார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த வட்டலப்ப விவகாரம் நடந்தது. மேலத்தெரு நூர் நிஷா மாமி நாலு பெண்களோடு உம்மாவைப் பார்க்க வந்திருந்தார். நூர் நிஷா மாமியிடம் ஒரு விஷயம் போனால் அது அன்றைக்கே துபாய் வரை போய்விடும். உம்மா என்னை, முட்டையும் தேங்காய்ப் பாலும் சேர்த்து அவித்த வட்டலப்பத்தை எடுத்துவரச் சொன்னார். நான் ஃபேனை ஓரமாக நகர்த்தி, ஸ்ட்ரா அடுக்கைத் தூக்கி வைத்துவிட்டு, தட்டை முன்னால் தள்ளிக்கொண்டு கூண்டுக்குள் தவழ்ந்தேன். பாதி வழி போயிருப்பேன். சாமான் அறையில் இருந்த மச்சான் அடுக்களைப் பக்கம் வந்திருக்கிறார். ஃபேன் நகர்ந்திருப்பதைப் பார்த்து, "யாரு வேலை இது?" என்று நேராக்கி வைத்து, சுவிட்சைப் போட்டுவிட்டார்.

அல்லாவே! மண்டபத்து ஃபேன்! "மச்சான், நான் உள்ள இருக்கேன்!" என்று கத்தினேன். அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? என் முக்காடு முன்னால் பறந்து முகத்தை மூடியது. தட்டு ஊர்ந்தது, அப்புறம் எழும்பியது. வட்டலப்பம் கூண்டின் வாய் வழியாகக் கூடத்துக்குள் பாய்ந்து, நூர் நிஷா மாமியின் மடியில் பாதியும் மூக்குக் கண்ணாடியில் பாதியுமாக இறங்கியது. பின்னாலேயே சாம்பிராணிப் புகை, அதற்குப் பின்னால் நான், இருமிக்கொண்டு, நாலு காலில்.

மச்சான் சன்னலை விட்டு, ஃபேனை நிறுத்திவிட்டு எனக்குப் பின்னாலேயே தவழ்ந்து வந்தார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். "மஜீதா, நீ நடுவுல இருந்தேல்ல, உன்னத் தாண்டிப் போயி புகை எப்படி அழகாச் சேந்துச்சு தெரியுமா? வாலு நீளமா இருக்கணும்! வாலுதான் விஷயம்!" என்றார்.

அன்றைக்கு அவரை நான் என்ன சொல்லித் திட்டினேன் என்பதை இங்கே எழுத முடியாது.

விருந்தாளிகள் போனதும் உம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். துபாயில் இருக்கிற தன் தம்பி, எங்கள் மஹ்மூது மாமா, மச்சானுக்கு ஒரு கிடங்கில் காவல் வேலைக்கு விசா வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னார். "பேசுறது பேசிப்புடுறேன். இந்தப் பந்தயத்துல ஏதோ ஒரு பரிசு வந்துச்சுன்னா மாப்புளை ஊர்லயே இருக்கட்டும், நான் வாயத் தொறக்கல. வரலன்னா அடுத்த வாரமே ஃப்ளைட்டு ஏறட்டும். அம்பது வயசெல்லாம் ஒரு வயசா?"

மச்சான் லாத்தாவைப் பார்த்தார். அவள் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தது அந்த முகத்திலேயே தெரிந்தது. லாத்தா கூடத்தில் சிந்தியிருந்த வட்டலப்பத்தைத் துடைத்துக்கொண்டே, "உம்மா சொல்றது சரிதான்" என்றாள்.

மறுநாள் கொட்டகையில் மச்சானுக்குத் தேத்தண்ணீர் கொடுக்கப் போனேன். திட்டுவதற்கு இன்னும் மிச்சம் இருந்தது, அதற்காகவும்தான். அசல் காருக்குப் பின்னால் தகரத்திலும் பலகையிலும் நீளமாக வால் வைத்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு எதுக்கு மச்சான் இந்த வேலை? பேசாம இருந்திருந்தா உம்மாவும் பேசாம இருந்திருக்கும்."

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். "பொண்டாட்டி வீட்டுல சும்மா உக்காந்து திங்கிறதுக்கு எனக்குக் கூச்சமா இருக்கு மஜீதா. நீங்க என்ன செய்றீங்கன்னு எவனாச்சும் கேட்டா, இதச் செய்றேன்னு காட்ட ஒண்ணு வேணும். திரும்ப அங்கன போயி, ஒரு ரூம்புல எட்டுப் பேரோட படுத்துக்கிட்டு, வெள்ளிக்கிழமை போன்ல தாஜு குரலக் கேக்குறது... என்னால இனிமே முடியாது. அவ திட்டுனாக்கூட நேர்ல கேக்கணும்."

திட்ட வைத்திருந்ததை நான் தேத்தண்ணீரோடு விழுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் அவர் வேலை இன்னும் மும்முரமாகிவிட்டது. காரின் வெளிக்கண்ணாடிகளைக் கழற்றினார், வைப்பரைக் கழற்றினார், கைப்பிடிகளைக்கூட இழைத்துத் தட்டையாக்கினார். கடைசியில் குட்டிக் காரின் முன் வலையில்தான் புகை முட்டி முட்டிக் கலங்குகிறது என்று கண்டுபிடித்தார். அதற்கு மேல் ஒரு காகிதத்தை ஒட்டிப் பார்த்தார். புகை வழுக்கிக்கொண்டு போனது, தராசு முள் சரசரவென்று இறங்கியது. "தாஜு! தாஜு!" என்று கத்திக்கொண்டு அடுக்களைக்குள் ஓடினார். லாத்தா மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். "இருக்கட்டும்" என்றாள். அன்று மாலையே அசல் காரின் முகத்தையும் வழுவழுப்பான தகரத்தால் மூடிவிட்டார். குட்டிக் காருக்குள் இன்ஜின் கிடையாது, அது சூடாகாது என்பது அந்தச் சந்தோஷத்தில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. எனக்கும்தான்.

பந்தய நாள். கச்சான் காற்று என்றால் கச்சான் காற்று, புளியனேந்தல் கண்மாய்க்குள் மண்ணை வாரி அடித்தது. ஆடி மாதம் மேற்கே இருந்து வருகிற அந்தக் காற்றில் குடை பிடித்தவன் குடையோடு போவான். எல்லைக் கல்லும் மேற்கேதான். எங்கள் தெருவே வேன் பிடித்து வந்து கரையில் உட்கார்ந்திருந்தது, நடுவில் உம்மாவும் நூர் நிஷா மாமியும்.

துணைச் சாரதிக்கு ஆள் இல்லை என்பது அங்கே போனபிறகுதான் தெரிந்தது. எங்கள் தெருவில் உடம்பு தெம்பான ஆம்பளை எல்லாம் வளைகுடாவில். மீதி இருப்பது எண்பதைத் தாண்டியவர்களும் எட்டைத் தாண்டாதவர்களும். மச்சான் திருதிருவென்று முழித்தார். கூத்தையா மைக்கில், "கீழக்கரை மாட்டுக்குத் துணைச் சாரதி எங்க? இல்லேன்னா மாட்டக் கழிச்சுவிட்ருவோம்" என்றார். பழக்கதோஷம், அவருக்குக் காரெல்லாம் மாடுதான்.

லாத்தா கரையிலிருந்து எழுந்தாள். "வாடி மஜீதா" என்றாள்.

"நான் எதுக்கு?"

"இத்தன ஆம்பளைக்கு நடுவுல நான் மட்டும் தனியாப் போகவா? வாடி!"

காரில் மூன்று பேர் ஏறக் கூடாதே என்று கமிட்டி கூடிப் பேசியது. கூத்தையா தீர்ப்புச் சொன்னார். "பொம்பளையாளு ரெண்டு பேரும் சேந்து ஒரு துணைச் சாரதின்னு வச்சுக்குவோம்."

"அப்ப நான் அரை ஆளா?" என்று கேட்டேன்.

"கோவிச்சுக்காதீகம்மா. நீங்க பெரிய பாதி" என்றார். என் உடம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார், படுபாவி.

ஐந்து வண்டி. தொண்டி பால்சாமியின் தார்ப்பாய் போட்ட ஜீப், ஒரு அம்பாசிடர், இரண்டு வேன், நாங்கள். கொடி இறங்கியதும் எல்லாரும் எதிர்க்காற்றில் பாய்ந்தோம். அடேயப்பா! ஜீப்பின் தார்ப்பாய் படபடவென்று அடித்து அதைப் பின்னுக்கு இழுத்தது. வேன்கள் சுவரை முட்டுவதுபோலத் திணறின. எங்கள் பியட் மட்டும் வாலை நீட்டிக்கொண்டு காற்றுக்குள் நுழைந்து போனது. வாப்பா காலத்திலும் அந்தக் கார் அப்படி ஓடியதில்லை.

"கீழக்கரை மாடு முன்னுக்கு வருதய்யா! ஒத்தையாப் போகுதய்யா!" என்று கூத்தையா அலறினார்.

மச்சான் சிரித்தார். "பாத்தியா தாஜு? வழுக்குது பாத்தியா?" லாத்தா முன் சீட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயில் எதையோ ஓதிக்கொண்டிருந்தாள். ஆனால் கண்ணோரம் ஒரு சிரிப்பு இருந்தது, நான் பின் சீட்டிலிருந்து பார்த்தேன்.

எல்லைக் கல்லில் முதலாவதாகத் திரும்பினோம். திரும்பியதும் முன்னாலிருந்து ஒரு சீறல். மூடின முகத்தைச் சுற்றிலும் வெள்ளையாக ஆவி. கார் இரண்டு முறை குலுங்கி, ஒரு பெரிய ஏப்பம் விட்டு நின்றுவிட்டது.

"கீழக்கரை மாடு படுத்துருச்சு! மூக்கடைச்சுப் படுத்துருச்சு!" என்றது மைக்.

மச்சான் சாவியைத் திருகினார், திருகினார். ஒன்றும் இல்லை. பால்சாமியின் ஜீப் எங்களைக் கடந்து போனது. இப்போது பின்காற்று, அந்தத் தார்ப்பாய் உப்பி அதைத் தள்ளிக்கொண்டு போனது. பின்னால் ஒரு வேன். இன்னொரு வேன் வண்டலில் புதைந்துவிட்டது. அம்பாசிடர் எல்லைக் கல்லருகே நின்று, நாலு பேர் அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மச்சான் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்தார்.

"தகரம்... முகத்துல தகரத்த மூடிட்டேனே" என்றார். அழுகிற குரல்.

லாத்தாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "மூணு மாசம் தவழ்ந்தேன்! மூணு மாசம் சாம்பிராணி! இதுக்குத்தானா? நான் நடந்தே போறேன். நீங்க போயி ஃப்ளைட்டு ஏறுங்க!" என்று கதவைத் திறந்தாள்.

கச்சான் அந்தக் கதவைப் பிடுங்கி, முழுசாக விரித்து அடித்தது. கார் நகர்ந்தது.

நான் கனவு என்று நினைத்தேன். இல்லை, நகர்ந்தது. கண்மாய்த் தரை அந்த இடத்தில் ஓடுபோல இறுகிக் கிடந்தது. லாத்தாவின் ஒரு கால் உள்ளே, ஒரு கால் தரையில். நொண்டி அடித்துக்கொண்டே கூட வந்தாள்.

"கதவ மூடு தாஜு! காத்து புடிக்குது!" என்று மச்சான் பழக்கத்தில் கத்தினார்.

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அப்புறம் தூரத்தில் கரையில் நிற்கிற உம்மாவைப் பார்த்தாள். கதவை இழுத்து மூடினால் கார் அங்கேயே நின்றிருக்கும், அடுத்த வாரம் வீடு பழையபடி அவளுடையதாக ஆகியிருக்கும். உப்பு டப்பாவைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். அவள் கை கதவின் மேல்தான் இருந்தது.

தரையில் இருந்த காலை எடுத்துக் காரின் விளிம்பில் வைத்து ஏறி நின்றாள். இரண்டு கையாலும் கதவை விரித்துப் பிடித்தாள். கறுப்புப் பர்தா காற்றில் உப்பியது.

"ஏய் மஜீதா, ரெண்டு பக்கக் கதவையும் திறடி! இந்தாங்க, உங்களத்தான், நீங்களும் திறங்க. வாயப் பொளந்துக்கிட்டு இருக்காதீங்க!"

"தாஜு, மூணு மாசமா நான் சோதிச்சதுக்கு இது நேர் எதிரு..."

"சோதிச்சதெல்லாம் கெடக்கட்டும், கதவத் திறங்க!"

நாலு கதவும் விரிந்தன. பியட் உருண்டது. ஆள் நடக்கிற வேகம், கொஞ்சம் போனதும் ஆள் ஓடுகிற வேகம். சனங்கள் பக்கத்திலேயே ஓடி வந்தார்கள். ஒருத்தர் திறந்த கதவு வழியாக எனக்கு நீர்மோர் கொடுத்தார், வாங்கிக் குடித்தேன். "எந்திரிச்சுருச்சய்யா! கீழக்கரை மாட்டுக்கு றெக்கை மொளைச்சுருச்சு!" என்று கூத்தையாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. பின்னால் அம்பாசிடர் உயிர் பெற்று இருமிக்கொண்டு வந்தது. நடுவில் காற்று தளர்ந்தது. கார் தயங்கியது. "யா அல்லா, விட்டுறாத" என்று லாத்தா வாய்விட்டுச் சொன்னாள். கதவை அவளும் விடவில்லை. காற்று மறுபடி அடித்தது. அம்பாசிடருக்கு ஒரு முழம் முன்னால், மூன்றாவதாகக் கோட்டைத் தாண்டினோம்.

மூன்றாம் பரிசு ஒரு அலுமினிய அண்டா. மச்சான் அதை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு மேடையில் நின்றார். உம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார்.

"காத்து தள்ளிக்கிட்டு வந்ததெல்லாம் ஒரு செயிப்பா? இதப் பரிசுன்னு நான் ஒத்துக்க மாட்டேன். விசா விசாதான்" என்றார்.

அந்த நேரம் பார்த்துக் கூத்தையா, "துணைச் சாரதி ரெண்டு வார்த்தை பேசுவாக" என்று மைக்கை லாத்தாவின் முகத்துக்கு நேரே நீட்டிவிட்டுப் போய்விட்டார். லாத்தா மைக்கைக் கவனிக்கவே இல்லை. மூச்சு வாங்க உம்மாவிடம்தான் பேசினாள். ஆனால் கண்மாய் முழுக்க, கரை முழுக்க, நாலு குழாயிலும் அவள் குரல் கேட்டது.

"காத்து தள்ளல உம்மா. நான் கதவப் புடிச்சிருந்தேன். மூட எனக்கு நேரம் இருந்துச்சு, நான் மூடல. இவரு நம்ம காலத் தடுக்கட்டும், வீட்டையே அடைக்கட்டும், பரவால்ல. இருபத்தஞ்சு வருசம் இவரு இல்லாமப் படுத்துருக்கேன் உம்மா. எனக்கு இவரு வேணும்."

குழாய்கள் "வேணும், வேணும்" என்று கரையில் மோதித் திரும்பிச் சொல்லின. அப்போதுதான் அவளுக்கு மைக் கண்ணில் பட்டது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நூர் நிஷா மாமி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். உம்மா பார்த்துப் பேச ஒரு சுவரைத் தேடினார்; கண்மாயில் ஏது சுவர்?

மச்சான் யாரும் பார்க்கக் கூடாது என்று அண்டாவுக்குள் முகத்தை விட்டுக்கொண்டு அழுதார். அண்டாவுக்குள் அழுதால் இரண்டு மடங்காக வெளியே கேட்கும் என்பது அவருக்குத் தெரியவில்லை.